பார்க்கக் கூடாத பணியாளர்

அம்மிணி, கழுத்துல தொங்கற அந்த அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேரு, எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவுன்னு இங்க உக்காந்தே படிக்க வருது. டிக்கெட் குடுக்கறப்ப கண்டக்டரும் படிச்சுட்டாரு, நான் பாத்துட்டுத்தான இருந்தேன். பொம்பளப் புள்ளைங்க விவரம் பஸ்ஸுக்கே தெரியணுமா, நீங்களே சொல்லுங்க.

நானும் ஆஸ்பத்திரிக்காரன்தானுங்க, அதுதான் சொல்றேன். சென்னியப்பன்னு பேரு. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி, பெருசுமில்ல சிறுசுமில்ல, பேரு எதுக்கு. அங்க ரெக்கார்டு செக்சன் இன்சார்ஜ். நோயாளிங்க ஃபைலெல்லாம் என் பொறுப்பு. முன்னால காயிதமா இருந்துச்சு, கட்டுக்கட்டாக் கட்டி அடுக்கி வெச்சிருந்தோம். இப்ப அத்தனையும் கம்ப்யூட்டர்ல. யாரு எதைப் பாக்கலாம், யாரு எதைப் பாக்கக் கூடாதுன்னு சாவி போடறது என் வேலை. டாக்டரா இருந்தாலும் நான் திறந்து விட்டாத்தான் பாக்க முடியும். பெரிய டாக்டருக்கே நான்தான் பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தேன்னா பாத்துக்கங்க.

உங்க ஆஸ்பத்திரியில எப்படி, வார்டுக்கு வார்டு தனித்தனியா? அதான, பெரிய இடம். எங்களுது மொதல்ல அப்படி இல்லீங்க. சந்தைக்கடை மாதிரி தொறந்து கெடந்துச்சு. எக்ஸ்ரே எடுக்கறவன் பிரசவ வார்டு ஃபைலைப் பாப்பான். சிஸ்டருங்க பாஸ்வேர்டைப் பிளாஸ்திரியில எழுதி கம்ப்யூட்டர் நெத்தியில ஒட்டி வெச்சிருப்பாங்க. ஒருத்தர் திறந்து வெச்சுட்டுப் போனா அன்னைக்கு முழுசும் வார்டே அவங்க பேருலதான் ஊசி போடும், மருந்து குடுக்கும். கேட்டா, "யாரு பேருல எழுதுனா என்ன சார், ஊசி போட்டாச்சுல்ல"ம்பாங்க. சிரிக்கறீங்க. உங்களுது எங்க ஒட்டியிருக்கு? கீபோர்டுக்கு அடியிலயா? அது பரவால்லீங்க, கொஞ்சம் மறைவு இருக்குது.

நான்தான் வார்டு வார்டாப் போயி அந்தப் பிளாஸ்திரியையெல்லாம் உரிச்சேன். எல்லாருக்கும் என் மேல கடுப்பு. போலீஸ்காரர் வந்துட்டாருன்னு முதுகுக்குப் பின்னால பேசுவாங்க. பேசட்டுமே. ஒருத்தர் ஒடம்புல என்ன இருக்குங்கறது அவங்க சொந்த விசயம். கண்டவன் பாக்கறதுக்கு அது என்ன, பஸ் ஸ்டாண்டு சுவரொட்டியா?

ஆனா ஒண்ணுங்க. சாவி கையில இருக்கறவனுக்குன்னு சில கடமை இருக்கு. அதை யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க. எங்க ஒரம்பரையில, சொந்தபந்தத்துல, யாரு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனாலும், பொழுதோட, நான் வேலை முடிச்சுக் கெளம்பறதுக்குள்ள ஒரு தடவை அவங்க ஃபைலைத் திறந்து பாத்துருவேன். வேற எதுக்கு, அக்கறைதான். டாக்டருக்கு வெளிய கூட்டம் நிக்குது, அவரு எங்க நின்னு நெதானமா எடுத்துச் சொல்றாரு. எங்க மச்சான் துரைசாமிக்குச் சக்கரை ஏறிக் கெடந்துச்சு. மனுசன் ஊட்டுல யாருகிட்டயும் மூச்சு விடல. ஒரு சீர் விசேசத்துப் பந்தியில உக்காந்து ஜாங்கிரியைக் கையில எடுக்கறாரு. நான் எந்திரிச்சுப் போயி கையிலிருந்தே வாங்கிட்டேன். "மச்சான், உங்க சக்கரை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்"னேன். பந்தியே திரும்பிப் பாத்துச்சு. அவரு இலையை மூடி வெச்சுட்டுக் கைகழுவப் போயிட்டாரு. அதுல இருந்து எங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வர்றதில்ல, பவானிக்குப் போறாராமா. நல்லது சொன்னா யாருக்குங்க ஏறுது.

தங்கச்சி மருமக முழுகாம இருக்கறது, தங்கச்சிக்கு முன்னால எனக்குத் தெரியும். சந்தோசத்துல உடனே தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் புள்ள இன்னும் கட்டுனவன்கிட்டயே சொல்லலையாமா. பொழுதோட கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி அங்க வெச்சுச் சொல்லலாம்னு இருந்துச்சாம். அதுக்கு ஒரு கோவம், ஒரு அழுகை. நான் என்னங்க பண்ணேன்? நல்ல சேதியத்தான சொன்னேன்.

எம்பொண்ணு இந்துமதியைப் பத்திச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், எங்கெங்கயோ போயிட்டேன். ஒரே பொண்ணு. எம்.காம் படிச்சுட்டுத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை பாக்கறா. தினமும் ரயில்ல போயிட்டு வர்றா. கெட்டிக்காரிங்க. அதிகம் பேச மாட்டா. அவங்கம்மா வசந்தாமணியாட்டம்.

அவளுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சோம். வரன்னா விசாரிக்கோணுமா இல்லீங்களா? எல்லாரும் டீக்கடையில விசாரிப்பாங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரங்ககிட்ட விசாரிப்பாங்க. நான் சிஸ்டத்துல விசாரிச்சேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஈரோட்டைச் சுத்தி இருக்கற குடும்பம் எதுவா இருந்தாலும் என்னைக்காவது எங்க வாசப்படியை மிதிக்காம இருந்திருக்காது. பேரும் பொறந்த தேதியும் ஜாதகத்துலயே எழுதியிருக்கு. அதுக்கு மேல என்ன வேணும், தட்டுனா வந்து நிக்குது. ஒரு பையனுக்கு ஈரல்ல கொழுப்பு. இன்னொரு பையன் தேவலாம், ஆனா அவங்கம்மா மனநோய் வார்டுல இருந்துட்டு வந்தவங்க. எல்லாத்தையும் பொருத்தமில்லைன்னு சொல்லி மரியாதையாத் திருப்பி அனுப்புனேன்.

நசியனூர்ப் பக்கம் ஒரு வரன் வந்துச்சு. கிருபாகரன்னு பேரு. இன்ஜினியர். பொண்ணு பாக்க வந்தப்ப, இந்து காப்பி குடுத்ததும் அவன், "நீங்களும் உக்காருங்க"ன்னான். அது அவளுக்குப் புடிச்சுப் போச்சு. வாயைத் திறந்து சொல்லல. அவங்க போனப்பறம் டம்ளர் கழுவறப்ப பாட்டு முணுமுணுத்துக்கிட்டே கழுவுனா. அப்பனுக்குத் தெரியாதுங்களா. போன் நெம்பரும் வாங்கிக்கிட்டாங்க போல.

நான் அடுத்த நாள் சிஸ்டத்துல தட்டிப் பாத்தேன். பழைய காயிதத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்துனமே, அதுல இருந்துச்சு. சின்ன வயசுல வலிப்பு. கொஞ்ச வருசம் மாத்திரை சாப்பிட்டிருக்கான். அப்பறம் டாக்டரே போதும்னு நிறுத்திட்டாரு, அதையும் எழுதியிருக்கு. நான் இல்லைங்கல. இருந்தாலும் வலிப்பு வலிப்புதானுங்களே. வேண்டாம்னுட்டேன். தரகர் ஏன்னு கேட்டாரு. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. உள்ளதைச் சொன்னேன். தரகர் வாயைப் பத்தித்தான் தெரியுமே, அது ஊரெல்லாம் சுத்துச்சு. அந்தப் பையனுக்கு அப்பறம் வந்த எடமெல்லாம் தட்டிப் போயிட்டே இருக்குன்னு கேள்வி. பாவந்தான். ஆனா நான் என்னங்க பண்ண முடியும், வலிப்பை நானா குடுத்தேன்?

இந்து அழுவான்னு பாத்தேன். அழுகல. ஒண்ணே ஒண்ணு கேட்டா. "ஏம்ப்பா, அது அவருக்கே ஞாபகம் இருந்திருக்காதுல்ல?"ன்னா. "அதுக்குத்தான் கண்ணு ரெக்கார்டு வெக்கறது"ன்னேன். சரின்னு தலையை ஆட்டுனா. அதுக்கப்பறம் வரன்னு பேச்செடுத்தா எந்திரிச்சு உள்ள போயிருவா. பொண்ணுங்க மனசை யாரு கண்டா.

பெருந்துறை தாண்டிட்டமுங்களா? இன்னும் நேரம் இருக்கு. தூக்கம் வந்தாச் சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

போன வருசம் எங்க ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்கறதுக்கு ஆளுங்க வந்து பாத்தாங்க. பாத்துட்டு, இப்படித் தொறந்து கெடந்தா சான்று கெடையாதுன்னுட்டாங்க. புது சிஸ்டம் வந்துச்சு. அவங்கவங்க வேலைக்கு எது வேணுமோ அது மட்டும்தான் தெரியும். எந்த ஃபைலைத் திறந்தாலும் திறந்தவன் பேரு அதுலயே பதிஞ்சுரும். அதோட இன்னொண்ணு. நோயாளியோட சொந்தக்காரங்க, வேண்டியவங்க, வேண்டாதவங்க யாராவது நம்ம ஆஸ்பத்திரியில வேலை செஞ்சா, இன்னார் என் ஃபைலைப் பாக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுக்கலாம். அதுக்கு ஒரு ஃபாரம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. 'பார்க்கக் கூடாத பணியாளர்'னு ஒரு கட்டம், அதுல பேரை எழுதிக் குடுத்தாப் போதும். அந்தத் தமிழ் கூட நான் போட்டதுதான். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க.

ஃபாரம் எங்க செக்சனுக்கு வரும். நான் சாவி போடுவேன். லேப்ல ரவிச்சந்திரன்னு ஒரு ஆளு. அவன் சம்சாரம் அவனோட வாழாமப் பிரிஞ்சு இருக்கற புள்ள. அது எழுதிக் குடுத்துச்சு. அவன் எங்கிட்ட வந்து நின்னான். "சார், அவளுக்கு என்னமோ ஏதோன்னு இருக்குது, ஒரு தடவை மட்டும்"னான். "ரூல்னா ரூல்தானப்பா"ன்னேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அப்படி ஒவ்வொருத்தனுக்கும் எளகுனா அப்பறம் சாவி எதுக்கு.

சாவி போட்டதோட நான் விட மாட்டேன். சோதிச்சுப் பாப்பேன். கதவைப் பூட்டிட்டு ஒரு தடவை இழுத்துப் பாக்கறதில்லீங்களா, அது மாதிரி. யாருக்குத் தடையோ அவங்களைக் கூப்புட்டு, அவங்க கையாலயே திறக்கச் சொல்லுவேன். செவப்புல எழுத்து வரணும், 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு. வந்தாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை கூட அந்தப் பழக்கத்தை விட்டதில்ல.

வைகாசி மாசம். சாப்பிட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். முன்னால ரிசப்சன்ல இருக்கற புள்ள வந்து ஒரு ஃபாரத்தை மேசை மேல வெச்சுட்டு, வேகமாப் போயிருச்சு. எடுத்துப் பாக்கறேன். நோயாளி பேரு இந்துமதி. வேற யாராச்சும் இருக்கும்னு நெனச்சேன். முகவரியைப் பாத்தா எங்க ஊட்டு முகவரி. பார்க்கக் கூடாத பணியாளர்னு இருக்கற கட்டத்துல, சென்னியப்பன், ரெக்கார்டு செக்சன்னு எழுதியிருக்கு. எழுத்து அவ எழுத்து.

எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. காத்தாலதான் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து இட்லி சாப்பிட்டோம். சட்னிக்கு உப்புப் பத்தலைன்னு அவதான் சொன்னா.

என்ன நோய், எந்த டாக்டர், எதுவும் அந்த ஃபாரத்துல இருக்காது. இருக்கக் கூடாதுன்னு நான்தான் எடுத்து விட்டேன். சாவி போடறவனுக்கு அது எதுக்குன்னு நானே கேட்டு எடுத்தது.

இன்னும் சாவி போடல பாருங்க. அந்த நேரத்துல ஒரு தட்டுத் தட்டியிருந்தா எல்லாம் தெரிஞ்சு போயிருக்கும். என் பேரு பதியும், பதியட்டுமே, ரெக்கார்டு செக்சன் ஆளு பாத்தான்னு போயிரும். கீபோர்டு மேல கையை வெச்சுட்டேன். அப்பறம் பாக்கல. ஏன் பாக்கலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே வெளங்கல. பாத்துத் தொலைச்சிருக்கலாமுங்க. பாக்காம, அவ எழுதிக் குடுத்தபடி என் பேருக்கு நானே சாவி போட்டேன்.

போட்டுட்டு, சோதிச்சேன். தடை யாருக்கோ அவங்க கையால திறந்து பாக்கணும்ல. என் பேருல உள்ள போயி அவ ஃபைலைத் தட்டுனேன். செவப்பு வந்துச்சு. உங்களுக்கு அனுமதி இல்லை. வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டேன்.

இப்பச் சொல்றது கேளுங்க. தடை இருக்கற ஆளு ஃபைலைத் திறக்கப் பாத்தா, நோயாளி போனுக்கு உடனே மெசேஜ் போகும்னு சிஸ்டத்துல மாத்தியிருக்காங்க. அந்த வாரந்தான் மாத்துனது. எங்களுக்குச் சர்க்குலரும் வந்திருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். படிக்கல. வர்ற சர்க்குலரையெல்லாம் யாருங்க படிக்கறாங்க.

அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போறேன். இந்து சோபாவுல உக்காந்திருக்கா. போனை எங்கிட்ட நீட்டுனா. பார்க்கக் கூடாத பணியாளர் சென்னியப்பன் உங்கள் ஆவணத்தைத் திறக்க முயன்றார். நான் போட்ட அதே தமிழு.

"ஃபாரத்தைக் குடுத்துட்டு நான் ஸ்டேசனுக்குக் கூடப் போய்ச் சேரலப்பா, அதுக்குள்ள இது"ன்னா. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நான் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"கண்ணு, அது சோதனை. பூட்டுனா இழுத்துப் பாக்கறது வழக்கம். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது, ஆஸ்பத்திரியில யாரை வேணா கேட்டுப் பாரு"ன்னேன். அது சத்தியமுங்க. என் வாழ்க்கையில நான் எத்தனையோ ஃபைலைத் திறந்து பாத்திருக்கேன், யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. பாக்காம இருந்தது அந்த ஒண்ணுதான். அதுக்குப் போயி மாட்டிக்கிட்டேன்.

அவ என்னையே பாத்தா. "சரிப்பா, சோதிச்சுத்தான் பாத்தீங்கன்னே வெச்சுக்கறேன். ஒருவேளை பூட்டாம இருந்து திறந்துருச்சுன்னா, என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னு கேட்டா.

நான் யோசிச்சேன். கேள்வி கேட்டா யோசிக்கக் கூடாதுங்களா? நான் யோசிச்சதையே அவ பதிலா எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

வசந்தாமணிக்கு எல்லாம் தெரியும். அடுப்புக்கிட்டப் போயி, "என்னன்னு நீயாவது சொல்லு"ன்னேன். "பெருசா ஒண்ணுமில்லீங்க. அவளே சொல்றப்பச் சொல்லுவா"ன்னா. "ஒண்ணுமில்லைன்னா சொல்றதுக்கென்ன?"ன்னேன். "ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லிட்டனே"ன்னா. எங்க ஊட்டுல நான் பாக்காம ஒரு துண்டுச்சீட்டு உள்ள வந்ததில்லீங்க. கரண்டு பில்லுல இருந்து அவங்க ரெண்டு பேரு ரத்த ரிப்போர்ட்டு வரைக்கும் என் கையிலதான் இருக்கும். இப்ப ரெண்டு பேரும் ரூமுக்குள்ள பேசறாங்க. நான் போனா, மழை வருமாட்ட இருக்குதுங்கறாங்க.

அப்பறம் நான் பட்ட பாடு இருக்குதே. அவ சாப்பிடறதைப் பாப்பேன். எளைச்சிருக்காளான்னு பாப்பேன். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதான்னு கீழ நின்னு கேப்பேன். மாத்திரை அட்டை கெடைச்சா பேரை வெச்சே கண்டுபுடிச்சுருவேன்னு குப்பைக்கூடையைக் கூடக் கெளறிப் பாத்தேன். கெட்டிக்காரின்னு சொன்னனில்ல, காலி அட்டையை வெளியவே போட்டுட்டு வர்றா. கோயில்ல ஒரு நாள் அவளுக்காக அர்ச்சனை பண்றேன், அய்யரு என்ன வேண்டுதல்னு கேக்கறாரு. எனக்கு என்னன்னு சொல்றதுன்னு தெரியல. என்ன நோய்க்குன்னு சாமிகிட்டக் கேக்கறது?

ஆஸ்பத்திரியில பாதிப்பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ரத்தம் எடுத்தவங்களுக்குத் தெரியும், மருந்து குடுத்தவங்களுக்குத் தெரியும். நான் போட்டுக் குடுத்த சாவியிலதான் அத்தனை பேரும் பாக்கறாங்க. ஹேமலதா டாக்டரம்மாவைப் படிக்கட்டுல நிறுத்திக் கேட்டேன். அவங்கதான் இந்துவுக்குப் பாத்தாங்களான்னே எனக்குத் தெரியாது, ஒரு குருட்டாம்போக்குல கேட்டேன். "பொண்ணுகிட்டக் கேளுங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் லேப் ரவிச்சந்திரன்கிட்டப் போனேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன். "ரவி, ஒரு தடவை மட்டும்"னேன். அவன் டீயைக் கீழ வெச்சான். "ரூல்னா ரூல்தானுங்களே சார்"னான். எகத்தாளமாச் சொல்லியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். பரிதாபமாச் சொன்னான்.

நீயே போட்ட சாவி, நீயே எடுக்கலாமில்லன்னு கேப்பீங்க. முடியாதுங்க. நோயாளி எழுதிக் குடுத்தாத்தான் எடுக்க முடியும். பாதுகாப்பா இருக்கட்டும்னு நான்தான் அப்படி வெச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஹால்ல ஒரு பை இருந்துச்சு. வசந்தாமணி துணி மடிச்சு வெக்கறா. எங்கன்னேன். "கோயமுத்தூர் போறோம், அங்க ஒரு ஆஸ்பத்திரியில பாத்துக்கலாம்னு இருக்கா. நாலஞ்சு நாள் ஆகும்"னா. நானும் வர்றேன்னு சட்டையை எடுத்தேன். இந்து வந்து, "வேண்டாம்ப்பா"ன்னா. "ஏன் கண்ணு?" "நீங்க வந்தா டாக்டர்கிட்டப் பேசுவீங்க." "பேசாம எப்படி இருக்கறது?" "அதுதாம்ப்பா"ன்னா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிட்டுப் போனேன். அதுக்கு ஒண்ணும் சொல்லல. பஸ் கெளம்பறப்ப ஜன்னல் வழியா இந்து, "ரசம் வெச்சிருக்கேன், சுட வெச்சுச் சாப்புடுங்க"ன்னா. ஒடம்பு சரியில்லாதது அவ, எனக்கு ரசம் வெச்சுட்டுப் போறா. இந்தப் புள்ள எதுக்காக எம் பேரை அந்தக் கட்டத்துல எழுதுச்சு, நீங்களே சொல்லுங்க. நான் குடிகாரனா, சந்தேகம் புடிச்சவனா, ஒரு நாள் கை நீட்டியிருப்பனா? அவ நல்லா இருக்கணும்னுதான நான் அத்தனை பேரு ஃபைலையும் பாத்தது. நானும் படுத்துப் படுத்து யோசிக்கறேன், ஒண்ணும் புடிபடல.

இன்னைக்குக் காத்தால வசந்தாமணி போன் பண்ணா. "ஆபரேசன் நேத்தே முடிஞ்சுது. நல்லா இருக்கா"ன்னா.

ஆபரேசன்னே எனக்கு அப்பத்தான் தெரியும். நேத்து நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு யோசிக்கறேன். புதுசாச் சேந்த சிஸ்டருங்களுக்கு வகுப்பு எடுத்துட்டிருந்தேன். நோயாளி விவரத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு.

"என்ன ஆபரேசன்?"ன்னேன். மறுபடியும் கேட்டேன். "நல்லா இருக்கான்னு சொல்றனே, அது உங்களுக்குப் பத்தாதுங்களா?"ன்னா. அவ அப்படிப் பேசறவ இல்லீங்க. ஆஸ்பத்திரி பேரைக் கேட்டேன். அதை மட்டும் சொன்னா. எந்த வார்டு, எந்த மாடின்னு கேக்கறதுக்குள்ள வெச்சுட்டா. லீவு கூடச் சொல்லாம பஸ் ஏறிட்டேன்.

அவ சொன்ன பேருதாங்க உங்க அட்டையில இருக்கறது.

இல்ல, பயப்படாதீங்க. ஆமா, அதைப் பாத்துட்டுத்தான் இந்தச் சீட்டுக்கு மாறி உக்காந்தேன். முன்னால ஜன்னலோரம் காலியாத்தான் இருந்துச்சு. மறைக்கல, சொல்லிட்டேன். சிஸ்டர், ஒரு உதவி. நீங்க டூட்டிக்குப் போனதும் ஒரே ஒரு தடவை. இந்துமதி, ஈரோடு. பொறந்த தேதி நான் சொல்றேன். நீங்க நர்சிங் பிரிவு, உங்களுக்கு உள்ள போறதுக்கு வழி இருக்கும். என்ன ஆபரேசன்னு ஒரு வார்த்தை. நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?

சரி. சரிங்க. நீங்க சொல்றதுதான் சரி. எங்கிட்ட வந்து ஒருத்தர் கேட்டா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். கோவமெல்லாம் இல்ல. நல்ல பழக்கம், விட்டுறாதீங்க.

ரிசப்சன்ல கேக்கலாமுங்க, தெரியும். நோயாளிகிட்டக் கேட்டுட்டுத்தான் மேல விடுவாங்க. உங்கப்பா வந்திருக்காரு, விடலாமான்னு கேப்பாங்க. அவ வேண்டாம்னு சொல்லிட்டா? கேக்காத வரைக்கும் அவ வேண்டாம்னு சொல்லல பாருங்க.

லட்சுமி மில்லா இது? அப்ப எறங்கற நேரம் வந்துருச்சு. சிஸ்டர், நோய் வேண்டாம். ஆபரேசன் வேண்டாம். எதுவும் வேண்டாம். அட்மிசன் போடறப்ப, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்னு ஒரு கட்டம் இருக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. அதுல மொதல்ல வசந்தாமணின்னு இருக்கும், அது சரிதான், அவதான் கூட இருக்கா. அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கும். அதுல எம் பேரு இருக்கான்னு மட்டும் பாருங்க. அது ஒடம்பு விசயம் இல்லீங்களே, அதைப் பாத்தாத் தப்பில்ல. இருந்தா ஒரு எட்டு வாசலுக்கு வந்து தலையை மட்டும் ஆட்டிட்டுப் போங்க. இல்லைன்னா வர வேண்டாம். நான் பாட்டுக்கு அங்கயே உக்காந்திருப்பேன்.